நாலுபட்டைத் தண்டு

வாய் ஓயாத ஒருத்தி வாயடைத்து நின்றதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். எதிர்வீட்டுப் பெரியவளைச் சொல்கிறேன். அவள் புருஷனே அவளை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார். "ரேடியோ, கொஞ்சம் சத்தத்தைக் குறைம்மா" என்பார். அவள் இன்னும் கூட்டுவாள். அந்தப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால்தான் எனக்கும் தையல் ஓடும்.

நான் பை தைக்கிறவள். அந்த வீட்டில் காட்டு இலையைப் பறித்துக் காயவைத்து, சின்னச் சின்னத் துணிப்பைகளில் அடைத்துக் கடைகளுக்குப் போடுவார்கள். அவர்கள் முன்னறையில் என் மெஷின் கிடந்தது. என் தொழிலையும் நாக்கையும் சேர்த்து எனக்கு ஊசி என்று பெயர் வைத்ததும் அவர்கள்தான். கேட்டால் கோபம் வரும் என்று நினைக்காதீர்கள், நானே அப்படித்தான் போனில் சொல்வேன்.

அண்ணன் தம்பி இரண்டு பேர், அவர்கள் பெண்டாட்டிகள் இரண்டு பேர், அவ்வளவுதான் குடும்பம். அண்ணன் சூட்டறையில் இலை காயவைப்பதைப் பார்ப்பார், ஒரே ராத்திரியில் காய்ந்துவிடும். தம்பி வேன் ஓட்டிக் கடைகளுக்குச் சரக்கு போடுவான். தம்பி பெண்டாட்டி, சின்னவள், காட்டில் பறிக்கப் போவாள். கல்யாணமாகி வந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நல்ல பிள்ளை, ஆனால் வாயில் கொழுக்கட்டை வைத்தது மாதிரி பேசவே மாட்டாள். பெரியவள்தான் தரம் பிரிக்கிறவள். அவள் கை படாமல் ஓர் இலைகூட அந்த வீட்டை விட்டு வெளியே போனதில்லை.

இலை என்றேன், எந்த இலை என்று சொல்லவில்லை. பெரிய மரங்களுக்கு அடியில், ஈரம் காயாத நிழலில், எங்கே பார்த்தாலும் தானாக முளைத்துக் கிடக்கிற பூச்செடி அது. புதினா வகைதான். ஊதாவும் சிவப்பும் கலந்த சின்னப் பூ, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு நிற்கும். இலையைக் கசக்கினால் வாசனை மூக்கைத் துளைக்கும். இருமலுக்குக் குடிப்பார்கள், வெட்டுக்காயத்துக்கு அரைத்துக் கட்டுவார்கள். தண்டு உருண்டையாக இருக்காது, நாலு பக்கமும் பட்டை பட்டையாக இருக்கும். அதனால் நாலுபட்டை என்பதே அதற்குப் பெயராகிவிட்டது.

அதே நிழலில் அதே ஈரத்தில் மணிப்பூவும் வளரும். பூத்துவிட்டால் பிரச்சினை இல்லை, வரிசையாக மணி தொங்குவதைக் குருடனும் கண்டுபிடிப்பான். பூக்கும் முன்னால் இலையை மட்டும் பார்த்தால் பழகினவர்களே ஏமாந்துபோவார்கள். மணிப்பூ விஷம், நேராக இதயத்தில் போய் உட்காரும். தண்டு மட்டும் பொய் சொல்லாது. மணிப்பூவின் தண்டு உருண்டை.

அதனால் அந்த வீட்டில் இலையைத் தனியாகக் கிள்ளக் கூடாது, தண்டோடுதான் பறிக்க வேண்டும். காட்டில் அவசரத்தில் ஒன்றிரண்டு தப்பு வரத்தான் செய்யும், அதைப் பிடிக்கத்தான் பெரியவள் உட்கார்ந்திருக்கிறாள். பிரிக்கும் அறையின் ஜன்னலில் சாக்கு தொங்கும். வெளிச்சம் பட்டால் இலையின் நிறம் போய்விடும் என்பதால் எப்போதும் அரை இருட்டுதான். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. ஒரு தண்டை எடுப்பாள், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓர் உருட்டு உருட்டுவாள், பட்டை தட்டுப்பட்டால் வலப்பக்கம், வழுக்கிக்கொண்டு ஓடினால் இடப்பக்கம். வாய் பாட்டுக்கு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கும். நான் ஒரு நாளும் அவள் குனிந்து பார்த்துப் பிரித்து அறியேன்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஒவ்வொரு ஈடும் காய்ந்து வந்ததும் முதல் கஷாயத்தை வீட்டில் உள்ளவர்கள்தான் குடிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் பையின் வாயைத் தைப்பேன். நானும் ஒரு டம்ளர் குடிப்பேன், வெல்லம் போட்டால்தான்.

அன்றைக்குக் காலையில் தூறிக்கொண்டிருந்தது. பெரியவள் கஷாயத்தை ஊற்றிக்கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நான் கையை நீட்டுவதற்குள் அண்ணன் என் டம்ளரை எடுத்து மடமடவென்று குடித்துவிட்டார்.

"அண்ணே, அது என்னோடது!"

"தொண்டை கட்டிக்கிச்சு தங்கச்சி. நீ டீ போட்டுக் குடி."

அதோடு விட்டாரா? தம்பியுடையது, சின்னவளுடையது, பெண்டாட்டியுடையது என்று எல்லாவற்றையும் ஒன்று விடாமல் குடித்தார். தம்பி சிரித்தான்.

"என்ன அண்ணே, நேத்து கூரை மேல ஏறி நனைஞ்சதுக்கு எங்க பங்கையும் சேர்த்து வசூல் பண்றியா?"

"ஆமாடா. நான்தானே நனைஞ்சேன்."

"குடிச்சுத் தொலைங்க, வயிறு உப்பிக்கிட்டு ராத்திரி என்னைத் தூங்க விடாதீங்க" என்றாள் பெரியவள். எல்லாரும் சிரித்தோம். நான்தான் கடைசி வரைக்கும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன், வெல்லம் போட்ட டம்ளர் அது.

அதற்கப்புறமும் அவர் எங்கேயும் போகவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்து எழுந்து, "சரி, ஏத்து" என்றார். நான் பைகளைத் தைத்து முடித்தேன், தம்பி வேனில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினான்.

மத்தியானம் ரொட்டியும் உருளைக்கிழங்குக் குழம்பும் எடுத்துவைத்தார்கள். அண்ணன் தட்டைத் தள்ளிவிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ரேடியோ, எதுக்கு மஞ்சள் பல்பு போட்டிருக்கே?"

"பல்பே போடலீங்க. பகல்ல எவன் பல்பு போடுவான்?"

"எல்லாம் மஞ்சளாத் தெரியுதே. உன் முகம்கூட..."

அவ்வளவுதான். குனிந்து வாந்தி எடுத்தார். எடுத்தார் எடுத்தார், நிற்கவே இல்லை. சின்னவள் ஓடிப்போய்த் தலையைப் பிடித்தாள். நான் தெருவில் ஓடி, பேக்கரிக்காரரின் காரை மறித்து, அவர் கேட்பதற்கு முன்னால் பின்கதவைத் திறந்துவிட்டேன். காரில் போகும்போது அண்ணன் கை சில்லென்று இருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயசுதான், ஆனால் தோரணையெல்லாம் கிடையாது. மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்துவிட்டு நேராக எங்களிடம் வந்தார்.

"துடிப்பு ரொம்பக் குறைஞ்சிருக்கு. இடையில விட்டு விட்டு அடிக்குது. ஏதாவது இலை, வேர், கஷாயம்னு குடிச்சாரா?"

"நாலுபட்டைதாம்மா. வருஷக்கணக்கா குடிக்கிறோம்" என்றாள் பெரியவள்.

"மஞ்சளாத் தெரியுதுன்னாரா?"

"ஆமா."

"அந்தக் காட்டுல மணி மணியாப் பூக்கிற செடி உண்டா?"

அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"உண்டுன்னா அந்தச் செடியை எனக்குக் காட்டணும். அதுக்கு மாத்து மருந்து இருக்கு, ஆனா இங்க இல்ல. பெரிய ஆஸ்பத்திரியில இருந்து வரணும். நான் இப்பவே சொல்லி வைக்கிறேன். நீங்க இலையைக் கொண்டுவாங்க, சீக்கிரம்."

டாக்டரம்மா உள்ளே போனதும் பெரியவள் சின்னவள் பக்கம் திரும்பினாள். அந்த மாதிரி ஒரு முகத்தை நான் அவளிடம் கண்டதில்லை.

"கண்ணை எங்கடி வச்சுக்கிட்டுப் பறிச்சே?"

"அக்கா..."

"எங்க வச்சிருந்தேன்னு கேக்கறேன். அவருக்கு ஏதாவது ஆச்சு, நான் உன்னை..."

"மழை வந்துடுச்சுக்கா. ஒன்னு ரெண்டு வந்திருக்கலாம். எப்பவும் வர்றதுதானே. நீங்க பார்த்துடுவீங்கன்னு..."

"அப்ப என்மேல சொல்றியா? என் கை தப்பாதுடி! இந்தக் கை இத்தனை வருஷத்துல ஒரு தடவை தப்பியிருக்கா? ஊசி, நீ சொல்லு!"

நான் என்னத்தைச் சொல்ல? தப்பியதில்லை என்று தலையாட்டினேன். சின்னவள் சுவரோடு ஒண்டிக்கொண்டு அழுதாள். இன்றைக்கு நினைத்தாலும் அந்தத் தலையாட்டலுக்கு என்னை எனக்கே அறையத் தோன்றுகிறது, ஆனால் அப்போது எனக்கும் அதுதான் உண்மை.

தம்பிக்குப் போன் போட்டோம். சரக்கைக் கடையில் இறக்கிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். "கடைக்காரர்கிட்ட சொல்லுடா, இன்னிக்கு இறக்கின பையை மட்டும் விக்க வேணாம்னு. அவ ஒரு நாள் பறிச்சதுல ஏதோ கலந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். சின்னவளை அண்ணனுக்குத் துணையாக விட்டுவிட்டு நாங்கள் வீட்டுக்குப் பறந்தோம்.

முந்தின நாள் பறித்ததில் பிரிக்காத குவியல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பெரியவள் அதே இடத்தில், அதே பலகையில் உட்கார்ந்தாள். நான் வாசலில் நின்றேன். அவள் கை விறுவிறுவென்று ஓடியது. எடுத்தாள், உருட்டினாள், வலப்பக்கம் போட்டாள். எடுத்தாள், உருட்டினாள், வலப்பக்கம்.

"இல்ல... இதுவும் நல்லதுதான்... இதுவும். எங்கடி இருக்கு அந்தச் சனியன்? நூத்துல ஒன்னு இருந்தாலும் என் கைக்கு வந்திருக்கணுமே. அந்தப் பொண்ணு எல்லாத்தையும் சேர்த்து முதல் கூடையிலயே கொண்டுவந்து கொட்டிட்டா போல. ஊசி, அவருக்கு ஒன்னும் ஆகாதுல்ல? ஆகாதுன்னு சொல்லுடி."

"ஆகாது. நீ தேடு."

என் கண் இருட்டுக்குப் பழகியிருந்தது. வலப்பக்கக் குவியலில் ஒரு தண்டு மட்டும் மற்றதைவிடத் தடிப்பாக, மேலெல்லாம் பூனைமுடி வைத்துக்கொண்டு கிடந்தது. குனிந்து எடுத்தேன். விரலில் உருட்டினேன். தடையில்லாமல் உருண்டது. உருண்டை.

எனக்கு முதலில் விளங்கவில்லை. தவறி விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அதே தண்டை அவள் கையில் கொடுத்தேன்.

"இதைப் பாரு."

உருட்டினாள். ஒரு தடவை அல்ல, நன்றாக அழுத்தி, மேலும் கீழுமாக உருட்டினாள்.

"நாலுபட்டைதான். எதுக்கு இதைக் குடுத்து நேரத்தை வீணாக்கறே?" என்று வலப்பக்கம் போட்டாள்.

நேராகப் போய் ஜன்னல் சாக்கைப் பிய்த்து எறிந்தேன்.

"என்னடி பண்றே! வெளிச்சம் படக் கூடாது..."

"இப்பப் பாரு. கண்ணால பாரு."

வெளிச்சம் குவியல் மேல் விழுந்தது. அவள் பார்த்தாள். அந்தத் தண்டை எடுத்தாள், பார்த்தாள், உருட்டினாள், மறுபடியும் பார்த்தாள். வலப்பக்கக் குவியலைக் கையால் கலைத்தாள். அதில் இன்னும் ஒன்று, அப்புறம் இன்னொன்று. பேச்சு நின்றுவிட்டது. இந்த வீட்டில் முன்னறைச் சுவர்க் கடிகாரத்துக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"எத்தனை நாளா?" என்றேன்.

"தெரியல."

"பொய் சொல்லாதே."

"குளிர்னு நினைச்சேன்டி. காலையில விரல் நுனி மரத்துப்போகும், அப்புறம் சரியாயிடும். அப்புறம் சரியாகாமலே இருந்துச்சு. அடுப்புல சுட்டுக்கிட்டேன், தெரியல, கொப்புளம் வந்தப்புறம்தான் தெரிஞ்சது. ஆனா தண்டு தெரியுதுன்னுதான் நினைச்சேன். சத்தியமா ஊசி, கையில பட்டை இருக்கிற மாதிரியேதான் இருந்துச்சு. பழக்கம்டி. எதை எடுத்தாலும் நாலுபட்டையாவே இருந்துச்சு."

நான் ஒரு தண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றினேன். பெரியவள் என் முந்தானையைப் பிடித்தாள்.

"இலையைக் குடுத்துடுவோம். டாக்டரம்மாவுக்கு இலைதானே வேணும். இது சின்னவ பறிச்சதுதானே? பொய் இல்லையே?"

"என்ன சொல்ல வர்றே?"

"அவ புதுசு. சின்னப் பொண்ணு. தெரியாம பறிச்சுட்டான்னா நாலு நாள் திட்டுவாங்க, மறந்துடுவாங்க. எனக்கு இந்தக் கையைத் தவிர என்னடி இருக்கு? புள்ளை குட்டி இருக்கா, படிப்பு இருக்கா? கை போச்சுன்னு தெரிஞ்சா நான் இந்த வீட்டுல யாரு?"

அழுதுகொண்டே சொன்னாள். எனக்குப் பாவமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. என் வாய் சும்மா இருக்குமா?

"நீ யாரா வேணா இரு. சின்னவ நேத்துப் பறிச்சது நேத்தோட போச்சு. உன் கை போய் எத்தனை மாசமோ! இந்த சீசன் பூரா நீ பிரிச்சதெல்லாம் கடை கடையா உட்கார்ந்திருக்கு. எவனோ ஒருத்தன் இருமலுக்குன்னு வாங்கிட்டுப் போவான். அவன் வீட்டுலயும் ஒருத்தி தலையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணுமா? நான் தைச்ச பைடி அதெல்லாம்!"

அவள் என் முந்தானையை விட்டாள். கொஞ்ச நேரம் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து, கடைக்காரரிடம் பேசப் போனை எடுத்தாள். எண்ணை அழுத்தினாள், தப்பாக விழுந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடியும் தப்பு. என்னிடம் நீட்டினாள். நான் போட்டுக் கொடுத்தேன்.

"நான்தான் பேசறேன், இலை பிரிக்கிறவ. இன்னிக்கு வந்தது மட்டும் இல்லீங்க. இந்த சீசன்ல எங்ககிட்ட இருந்து வந்த பை எல்லாத்தையும் இறக்கி வைங்க. வித்தது இருந்தா ஆள் விட்டுச் சொல்லுங்க, குடிக்க வேணாம்னு. மத்த கடைக்கும் சொல்லணும். இல்ல, பறிச்சதுல தப்பு இல்ல. என் கையில உணர்ச்சி இல்லீங்க. ஆமா, என் கைதான்."

ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னவள் அதே சுவரோடு நின்றிருந்தாள். தம்பியும் வந்துவிட்டிருந்தான். நான் இலையை உள்ளே கொடுக்கப் போனேன். திரும்பி வரும்போது பெரியவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தாள். தம்பி தலையில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். சின்னவள் பேயறைந்த மாதிரி பெரியவளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை ஏன் அப்படித் திட்டினீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கே நிம்மதியாக இருந்திருக்கும்.

மருந்து வந்தது. ஏற்றினார்கள். அந்த ராத்திரி எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். விடிந்த பிறகு டாக்டரம்மா வந்து, "தப்பிச்சுட்டார், இனிமே பயமில்ல" என்றார். ஒயர்களையெல்லாம் கழற்றி, பொது வார்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரக் கட்டிலில் போட்டார்கள். மழை விட்டிருந்தது. கொஞ்சம் கஞ்சி குடித்தார்.

பெரியவள் கட்டிலின் தலைமாட்டில் நின்றாள். ஒத்திகை பார்த்துவைத்திருந்தாள் போல, மூச்சு விடாமல் சொன்னாள்.

"சின்னவ மேல தப்பு இல்லீங்க. என் விரல் செத்துப்போச்சு. உருண்டையைக் கையில குடுத்தாக்கூடப் பட்டைன்னு சொல்றேன். ரொம்ப நாளா இப்படித்தான். நான்தான் உங்களைக் கொல்லப் பார்த்திருக்கேன்."

அண்ணன் அவளைப் பார்த்தார். அப்புறம் ஜன்னலைப் பார்த்தார்.

"தெரியும்" என்றார்.

"என்ன தெரியும்?"

"உன் கை. முதல்லயே தெரியும். கொதிக்கிற பாத்திரத்தைத் துணி இல்லாம இறக்கினே ஒரு நாள். அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

தம்பி எழுந்து நின்றுவிட்டான்.

"அண்ணே, தெரிஞ்சா..."

"நீ பிரிச்சு முடிச்சு எழுந்து போனதும் நான் உட்காருவேன்" என்றார் அவர், பெண்டாட்டியிடம் மட்டும். "எல்லாத்தையும் மறுபடியும் பார்ப்பேன். ஒன்னொன்னா. பார்த்துட்டுத்தான் காயப்போடுவேன். இத்தனை மாசமும் அப்படித்தான். இதுக்கு முன்னால கடைக்குப் போனதுல எதுவும் இல்ல, பயப்படாதே."

"அப்ப இது?"

"முந்தாநாள் கூரை ஒழுகுச்சே. நான் மேல இருந்தேன். இறங்கி வர்றதுக்குள்ள நீயே தண்டைக் கிள்ளிட்டு எல்லாத்தையும் காயப்போட்டுட்டே. காஞ்சப்புறம் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

"தூக்கிப் போட வேண்டியதுதானே!" இது நான்.

"ஏன்னு கேப்பாளே. என்னன்னு சொல்றது தங்கச்சி? அதான் நானே குடிச்சுப் பார்த்தேன். வேற யாரும் குடிக்க வேணாம்னுட்டு எல்லாத்தையும் குடிச்சேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒன்னும் ஆகல. சரி, இதுல இல்லபோலன்னு நினைச்சுட்டேன்."

இப்படியும் ஒரு மடையன் இருப்பானா? எனக்கு வந்த ஆத்திரத்தில் கட்டிலில் கிடக்கிற மனுஷன் என்றுகூடப் பார்க்காமல் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் பெரியவள் முந்திக்கொண்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல இல்ல?" குரல் அடித்தொண்டையிலிருந்து வந்தது. "தினம் தினம் என்னை அங்க பொம்மை மாதிரி உட்கார வச்சு, நான் உளறிக்கிட்டே பிரிக்கிறதை நீங்க பார்த்துக்கிட்டே இருந்திருக்கீங்க."

"நீ சந்தோஷமாப் பேசிக்கிட்டே வேலை செஞ்சே. நிறுத்த மனசு வரல."

"செத்திருப்பீங்களேய்யா! நீங்க செத்திருந்தா நான் இந்தப் பொண்ணை ஆயுசு பூரா கொலைகாரின்னுல்ல சொல்லியிருப்பேன்!"

அவர் களைத்துப்போய்க் கண்ணை மூடினார். வாய் லேசாகத் திறந்துகொண்டது.

"ஏங்க? ஏங்க!"

பெரியவள் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். விரலை அழுத்தினாள், இடம் மாற்றி அழுத்தினாள், இன்னொரு கையாலும் பிடித்தாள். அவள் முகம் வெளுத்துப்போனது. பிறகு அவளுக்கே நினைவு வந்திருக்க வேண்டும். மணிக்கட்டை விடாமலே, என்னைத் தாண்டி, தம்பியைத் தாண்டி, சின்னவளைப் பார்த்தாள்.

"நீ பிடிச்சுப் பாரும்மா. ஓடுதா? எனக்குத் தெரியல."

சின்னவள் நின்ற இடத்திலிருந்து அசையவில்லை. வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அப்புறம் வந்தாள். பெரியவளின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தன் விரலை வைத்தாள்.

"ஓடுதுக்கா" என்றாள்.